சொந்தத் தொழில் தொடங்கினவர்களே, எதைக் கொடுத்தீர்கள்? (காசைக் கேட்கவில்லை)

போறணைக்காரன் | வியாழன், பிற்பகல் 2.40

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில், சாம்பல்தீவுப் பக்கம் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். விறகுப் போறணை. தொடங்கி எட்டு வருடம் முடிந்துவிட்டது. பகல் இரண்டு மணிக்குத்தான் நான் நித்திரையால் எழும்புவது, அதனால் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

தொழில் பற்றி இங்கே நிறையக் கதைத்திருக்கிறோம். பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் என்ன கேட்பார்கள், பிரதேச சபை லைசன்ஸ் எப்போது புதுப்பிப்பது, பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் எதைப் பார்ப்பார், எல்லாம் பிரயோசனமான கதைதான். ஒன்றை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. தொழிலுக்காக எதைக் கொடுத்தீர்கள்? காசு போனால் கொப்பியில் எழுதலாம். கொப்பியில் எழுத முடியாததைக் கேட்கிறேன்.

என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

2018 சித்திரை வருஷத்துக்கு முந்தின கிழமை. எங்கள் போறணை பாஸ் (தலைமை வேலைகாரர்) கண்டிக்காரர், வருஷத்துக்கு வீட்டுக்குப் போய்விட்டார். நானும் ஒரு பொடியனும்தான். இரவு பத்தரைக்கு இரண்டு மூட்டை மா குழைத்து முடித்திருந்தோம். நூறு கிலோ, ஏறத்தாழ 320 பாண். பதினொரு மணிக்குப் பெரியப்பாவின் மகன் ஆஸ்பத்திரியில் இருந்து கோல் எடுத்தார். "அப்பா உன்னைத்தான் கேக்கிறார். ஒருக்கா வந்திட்டுப் போ."

என்னை வளர்த்தவர் பெரியப்பா. எங்கள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் எனக்கு ஏழு வயது. இந்தப் போறணை நிற்கும் நிலம்கூட அவருடைய வளவில் ஒரு துண்டு. ஆஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிளில் பதினைந்து நிமிடம்.

நான் மாவைப் பார்த்தேன். சித்திரை வெக்கையில் ஈஸ்ற் யாருக்காகவும் நிற்காது. தொட்டிக்கு மேல் போட்டிருந்த ஈரச்சாக்கு கண்ணுக்கு முன்னால் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு மணித்தியாலம் பிந்தினால் புளித்து அமுங்கிவிடும். பொடியனுக்கு வெட்டி அச்சில் போடத் தெரியும், போறணைச் சூடு பார்க்கத் தெரியாது. "நாலு மணிக்கு வாறன் அண்ணா" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.

பெரியப்பா இரண்டு நாற்பதுக்குப் போய்விட்டார். அந்த நேரம் நான் இரண்டாவது ஈட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன்.

320 பாணும் விடிய விற்றுப் போயின. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

செத்தவீட்டில் பெரியம்மா ஒரு சொல் சொல்லவில்லை. 31ஆம் நாள் சாப்பாட்டுக்கு இருந்தபோது மச்சாள் ஒருத்திதான், "பாண்காரருக்கு இண்டைக்கு நேரம் கிடைச்சிட்டுது" என்றாள். அதற்குப் பிறகு எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் அந்தக் குரல் காதில் இருக்கும்.

தொழில் தொடங்கலாமா என்று யோசிக்கிற ஒரு பிள்ளை இதை வாசிக்கக்கூடும். அவருக்காகவாவது மறைக்காமல் எழுதுங்கள்.


நிலாவெளி போட் | வியாழன், மாலை 6.15

அண்ணா, வாசித்து மனது பாரமாகிவிட்டது. ஆனாலும் எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது.

நான் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். சீசன் இல்லாத காலத்தில் மீன்பிடி. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டு வெடித்தது, எங்கள் சீசன் தொடங்குகிற நேரம். புக்கிங் எல்லாம் இரண்டு நாளில் ரத்து. 2018இல் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேல் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள், 2021இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. சரி, மீன்பிடியாவது இருக்கிறதே என்று பார்த்தால், 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயில் இருந்து 340க்கு ஏறியது. போட் மூன்று மாதம் கரையில் தென்னோலைக்குக் கீழே கிடந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் இதைத் தியாகம் என்று சொல்ல மாட்டேன். என் அப்பா இன்னொருவர் போட்டில் கூலிக்குப் போனவர். அவரும் எங்கள் நல்லது கெட்டதுக்கு வரவில்லை. சம்மாட்டி விட்டால்தான் வருவார். நான் வராவிட்டால் அது என் முடிவு. கார்த்திகையில் இருந்து தை முடியும் மட்டும் கடல் அடிக்கும்போது நான் வீட்டில்தான் இருப்பேன். மகனுக்கு நீந்தப் பழக்கினேன், சைக்கிள் பழக்கினேன். கந்தோர் வேலை செய்கிற எத்தனை பேருக்கு அப்படி மூன்று மாதம் கிடைக்கும்?


கந்தோர்த்தம்பி | வியாழன், இரவு 9.02

போறணைக்காரன் அண்ணா, நீங்கள் சொன்ன அந்தப் பிள்ளை நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 29 வயது. அபிவிருத்தி உத்தியோகத்தர், ஆறு வருட சேவை. கருவாட்டை ஒழுங்காகக் காயவைத்து, மண் இல்லாமல், மணம் வெளியே வராமல் பொதி பண்ணிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன். வளவில் ஒரு சின்ன உலர்த்தி செய்து பார்த்தேன், கீரி மீனும் பாரை மீனும் நன்றாக வந்தன. கொழும்பில் இரண்டு கடைகள் எடுப்பதாகச் சொல்லியிருக்கின்றன.

பிரச்சினை கருவாடு இல்லை. அம்மா. அப்பா இல்லாமல் எங்கள் மூன்று பேரையும் படிப்பித்தவ. என் நியமனக் கடிதம் வந்த நாள் பத்திரகாளி அம்மனுக்கு 108 தேங்காய் அடித்தவ. இப்போது அதை விடப்போகிறேன் என்றால் என்ன ஆகும்? அக்காவுக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. "தம்பி கவுண்மேந்தில இருக்கிறான்" என்பது அக்காவின் பேச்சுக்கும் ஒரு பலம். எனக்கும் ஒரு இடத்தில் கலியாணம் கதைத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் தகப்பனார் நேரடியாகவே சொல்லிவிட்டார், உத்தியோகத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தது என்று.

ஆக, நான் வேலையை விட்டால் கொடுக்கப்போவது என்னுடையதை மட்டும் இல்லை. அது சரியா?


உவர்மலை டீச்சர் | வியாழன், இரவு 10.47

தம்பி கேட்டதுதான் கேள்வி. நான் தொழில் தொடங்கவில்லை. தொழில் தொடங்கினவரின் மனைவி. இந்தக் கதையில் எங்களைப் போன்றவர்களை ஒருவரும் கேட்பதில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

இவர் 2015இல் அலுமினியம் வேலைக் கடை போட்டார். யன்னல், கதவு, கடைகளுக்குப் பாட்டிசன். கைசுத்தமான வேலைகாரர், அதை நான் எங்கேயும் சொல்வேன். முதலில் என் நகை அடைவுக்குப் போனது. அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. கழுத்தில் மஞ்சள் கயிறோடு இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனேன்.

2019இல் பெரிய மெஷின் எடுக்க 20 இலட்சம் கடன். வங்கியில் அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை வைக்க வேண்டும் என்றார்கள். ஒன்று நான். மற்றது, என்னோடு பதினான்கு வருடம் ஒரே மேசையில் இருந்து படிப்பித்த என் சிநேகிதி. அவ யோசிக்கவே இல்லை. "நீ கேட்டா நான் மாட்டேன் எண்டுவேனா" என்று ஓய்வறையில் வைத்தே கையெழுத்துப் போட்டா. சம்பளப் பட்டியலின் பிரதியை அவவே போட்டோக்கொப்பி எடுத்துத் தந்தா.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. டொலர் 200இல் இருந்து 360க்குப் போனது. அலுமினியம் முழுக்க இறக்குமதி. வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் தவணை ஐந்து மாதம் நின்றது. கடிதம் சிநேகிதியின் பெயருக்குப் பள்ளிக்கூடத்துக்கே வந்தது. அதிபரின் மேசையில் கிடந்ததை அவ எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் பாடக்குறிப்புப் புத்தகத்துக்கு மேல் வைத்துவிட்டுப் போனா.

அடுத்த வருடம் அவ மகளின் படிப்புக்குக் கடன் கேட்டபோது கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் எங்கள் நிலுவை நின்றது. கடன் கிடைக்கவில்லை. பிணை வைத்தவரின் பெயரிலும் அது ஏறும் என்று கையெழுத்துப் போடும்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

2024இல் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டோம். கடிதம் வாங்கிக்கொண்டு போய் அவவிடம் கொடுத்தேன். "சரி" என்றா. இப்போதும் அதே ஓய்வறைதான். அவ வேறு மேசை.

இவர் கடையை இழக்கவில்லை, பெயரையும் இழக்கவில்லை. இழந்தது நான், நான் தொடங்காத ஒரு தொழிலுக்காக. நிலாவெளித் தம்பி, நீங்கள் உங்கள் முடிவு என்று எழுதினீர்கள். வீட்டில் இருக்கிறவவுக்கும் அது அவவின் முடிவுதானா? போட் மூன்று மாதம் கரையில் கிடந்தபோது உலை எப்படிக் கொதித்தது என்று அவவிடம் கேட்டீர்களா?

போறணைக்காரன் தம்பியிடமும் இதையே கேட்கிறேன். எட்டு வருடத்தில் உங்கள் மனைவி எதைக் கொடுத்தா என்று அவவிடம் எப்போதாவது கேட்டதுண்டா?


கிண்ணியா நானா | வெள்ளி, காலை 7.20

அஸ்ஸலாமு அலைக்கும். மற்றவர்களுக்கும் வணக்கம்.

டீச்சர், நீங்கள் எழுதினதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அவ ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டா. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

நான் கத்தாரில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்து ஹார்ட்வெயார் கடை போட்டவன். சீமெந்து, தகரம், ஆணி. வட்டிக்கு எடுக்க மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே முடிவு, அதனால் மெதுவாகத்தான் வளர்ந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் திருகோணமலை டவுனுக்குப் போவதென்றால் வள்ளத்துக்கும் பாதைக்கும் (வாகனம் ஏற்றுகிற மிதவைக்கும்) காத்துக் கிடக்க வேண்டும். 2009இல் பாலம் திறந்த பிறகுதான் கிண்ணியாவில் இப்படி ஒரு கடை வைக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வந்தது. 396 மீற்றர் பாலம். அதில் முதல் தடவை லொறியில் சீமெந்து ஏற்றிக்கொண்டு வந்த நாளை மறக்க மாட்டேன்.

நான் கொடுத்தது கூட்டாளிமாரை. என் கடன் கொப்பியில் முதல் பக்கம் முழுக்க என்னோடு கடற்கரையில் பந்தடித்தவர்கள். கூட்டாளியிடம் காசு கேட்டால் கூட்டாளி போய்விடுவான், கேட்காவிட்டால் கடை போய்விடும். ஆறு மாதம் பொறுத்து, ஒருவனிடம், உயிருக்கு உயிரானவன், நாற்பதாயிரத்தைக் கேட்டேன். தந்துவிட்டான். தந்த அன்றிலிருந்து ஜும்ஆவுக்கு வந்தால் மற்றப் பக்கத்து வாசலால் போகிறான்.

இன்னொன்றும் உண்டு. முதலாளி என்று கூப்பிடத் தொடங்கின நாளில் இருந்து ஒருவரும் என்னோடு சும்மா வந்து கதைப்பதில்லை. விளையாட்டுக் கழகம், பள்ளிக்கூடம், குளம் வெட்டு, எல்லாவற்றுக்கும் துண்டோடு வருவார்கள். கொடுப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கத்தாரில் இருந்து லீவில் வந்து நின்ற காலத்தில், மதிலில் குந்தியிருந்து நள்ளிரவு மட்டும் கதைத்த அந்த ஆட்கள் ஒருவருமே இப்போது இல்லை.

கந்தோர்த் தம்பிக்கு: உம்மா சம்மதிக்காமல் விடாதீர். அவ சொல்வது சரி என்பதற்காக இல்லை. தொழிலில் அடி விழும் நாளில் வீட்டுக்குள்ளும் முகம் திருப்பினால் ஆளுக்குத் தாங்காது.


தயிர்முட்டி | வெள்ளி, பிற்பகல் 1.05

தம்பலகாமம். எருமை பதினெட்டு. தயிர் போட்டு விற்கிறேன். ஓட்டோ நானே ஓடுவேன்.

ஆண்கள் எழுதினதை எல்லாம் வாசித்தேன். உங்களுக்கு நேரம் போயிருக்கிறது, உறவு போயிருக்கிறது. எங்களுக்கு முதலில் போவது பெயர். விடிய நாலரைக்கு முட்டிகளை வைக்கோலில் அடுக்கிக்கொண்டு வெளிக்கிட வேண்டும், ஏழு மணிக்கு முதல் டவுன் கடைகளில் இறக்கினால்தான் தயிர் இறுகி நிற்கும், வெயில் ஏறினால் தண்ணீர் விட்டுவிடும். ஒரு பெண் இருட்டில் தனியாக ஓட்டோவில் போகிறாள் என்றால் ஊர் தயிரைப் பற்றிக் கதைக்குமா? எனக்குப் பேசி வந்த இரண்டு கலியாணம் அந்தக் கதையில்தான் நின்றது. மூன்றாவது ஆள் "ஓட்டோவை மட்டும் விட்டிடுங்கோ" என்றார். வேண்டாம் என்று விட்டேன். எனக்கு இப்போது 38. பிள்ளை இல்லை. அது இரவில் சில நேரம் வந்து நிற்கும்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதலில் எடுத்தது கிழமைக் கடன். பத்துப் பெண்கள் ஒரு குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். கடன் கொடுத்தவர்களின் ஆள் திங்கட்கிழமை வந்து முற்றத்தில் கதிரை போட்டு இருந்துவிடுவார், கட்டும் மட்டும் எழும்ப மாட்டார். ஒரு கிழமை பக்கத்து வீட்டு அக்கா கட்ட முடியாமல் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் ஒளித்தா. ஐம்பது வயது மனுசி. நான் அவவின் பங்கைக் கட்டினேன். ஆனால் கட்டும்போது எனக்கு அவவில் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை இன்றுவரைக்கும் நினைத்துக் கவலைப்படுகிறேன். 2018இல் வரட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது உண்மை, அது மூன்று மாதத்துக்கு மேல் நிலுவை வைத்தவர்களுக்கு. பட்டினி கிடந்து ஒழுங்காகக் கட்டினவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் எருமைகளை விட மாட்டேன். என் பெயரில் பாங்கில் காசு இருக்கிறது, தம்பியின் பிள்ளைகள் இரண்டு பேரின் படிப்பு என் செலவு. காலையில் கன்றை அவிழ்த்துவிட்டு மடியில் கை வைக்கும்போது, அந்தச் சூட்டில், இது என்னுடையது என்ற எண்ணம் வரும்.


ஸ்காபரோவில் இருந்து | சனி, அதிகாலை 4.31

சுருக்கமாக ஒன்று. நான் தொழில் செய்யவில்லை, தம்பிக்குக் கடை போட 15 இலட்சம் அனுப்பினேன். கடனா, பங்கா, அன்பளிப்பா என்று இரண்டு பேரும் அன்று கதைக்கவில்லை. கடை ஓடவில்லை. மூன்று வருடமாக அவன் என் கோல் எடுப்பதில்லை. எனக்குக் காசு வேண்டாம் என்று சொல்லவாவது எடுக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்து உதவி எடுப்பவர்கள் தயவுசெய்து ஒரு துண்டில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள்.


நிலாவெளி போட் | சனி, காலை 9.50

டீச்சர், கேட்டேன். போட் கரையில் கிடந்த காலம் அவ தன் தங்கச்சியிடம் அரிசி வாங்கியிருக்கிறா. எனக்கு அது இன்றுதான் தெரியும். "உங்களுக்குச் சொன்னா போட்டை வித்திருப்பீங்கள்" என்றா. உண்மைதான், விற்றிருப்பேன்.

முன்பு எழுதினதை அழிக்கவில்லை. கூலிக்குப் போகாமல் இருப்பது பெரிய விஷயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் "என் முடிவு" என்று எழுதினதை எடுத்துக்கொள்கிறேன்.


போறணைக்காரன் | சனி, பிற்பகல் 3.15

எல்லோருடையதையும் இரண்டு தரம் வாசித்தேன். தயிர்முட்டி அக்கா, அந்த விடியற்காலை ஓட்டோ எனக்குத் தெரியும். அநுராதபுரச் சந்தியில் நான் பாண் இறக்கும் நேரம் நீங்கள் தயிர் இறக்குவீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு நாளும் கதைத்ததில்லை.

கந்தோர்த் தம்பிக்குக் காசுக் கணக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதுவும் கொடுத்ததில் ஒரு பங்குதான். கொழும்பில் நான் வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், கம்பனி 12 வீதம் போடும், அது சேமலாப நிதிக்கு. அதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். விட்டு வந்த அன்றோடு அது நின்றது. இப்போது என்னிடம் வேலை செய்கிற நாலு பேருக்கு அந்த 12ஐயும் 3ஐயும் நான் கட்டுகிறேன். எனக்கு ஒருவரும் கட்டுவதில்லை. எனக்கு முதுகு முறிந்தால் போறணை நின்றுவிடும். அரசாங்க ஓய்வூதியம், விதவைகள் அநாதைகள் நிதி, இதெல்லாம் ஊர் சும்மா பெருமைக்காகப் பிடித்துத் தொங்குகிற விஷயம் இல்லை. அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

வேலையை ஒரேயடியாக விட வேண்டும் என்றும் இல்லை. 2022இல் அரச ஊழியர்களுக்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்க வழி விட்டுச் சுற்றறிக்கை வந்தது. அது இப்போது உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் நிருவாகக் கிளையில் கேளுங்கள். பொருந்தினால் ஒரு வருடம் கருவாட்டோடு நின்று பாருங்கள். மாரி மழையில் உலர்த்தி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் ஒரு முடிவும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, மற்றவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோதுமை மா சீனக்குடாவில்தான் அரைபடுகிறது. என் கடைக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு குடாவும் ஒரு டவுனும். ஆனால் கோதுமை கப்பலில் டொலருக்கு வருகிறது. 2022இல் மா மூட்டைக்கு விலை கேட்கவே பயமாக இருக்கும். பங்குனி கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, மெஷின் ஓடாது. பாஸும் நானும் காலால் மிதிக்காத குறையாகக் கையால் குழைத்தோம். விறகுப் போறணை என்றபடியால் தப்பினோம், காஸ் போறணை வைத்திருந்த இரண்டு பேர் எங்கள் பக்கத்தில் மூடிவிட்டார்கள். அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இதை முக்கியமாகச் சொல்கிறேன், கொடுத்தவர்கள் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று யாரும் நினைக்கக் கூடாது.

டீச்சர், உங்கள் கேள்விக்கு மறுமொழி எழுதவில்லை. நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.


கந்தோர்த்தம்பி | சனி, இரவு 8.20

நன்றி அண்ணா. சுற்றறிக்கையைப் பற்றித் திங்கள் விசாரிக்கிறேன். டீச்சர் எழுதினதை வாசித்த பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என்ன நடந்தாலும் கந்தோரில் ஒருவரிடமும் பிணை கேட்க மாட்டேன். உலர்த்தியைச் சின்னதாகவே வைத்திருப்பேன்.

அந்தப் பிள்ளையிடமும் நேரே கதைக்கலாம் என்று இருக்கிறேன். இதுவரைக்கும் தகப்பனாரோடு மட்டும்தான் எல்லாம்.


உவர்மலை டீச்சர் | சனி, இரவு 9.05

நேரே கதையுங்கோ தம்பி. கலியாணத்துக்குப் பிறகு தெரிவதைவிட முன்பே தெரிவது அந்தப் பிள்ளைக்கு மரியாதை.


போறணைக்காரன் | செவ்வாய், பிற்பகல் 2.25

கேட்டேன்.

ஞாயிறு பின்னேரம், அவ முற்றத்தில் மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தா. நான் நினைத்தது, நகையைச் சொல்லுவா, அல்லது 2020 ஊரடங்கு நேரம் நான் பாண் வண்டியோடு ஊர் ஊராகப் போனபோது பிள்ளைகளைத் தொடவிடாமல் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்த கதையைச் சொல்லுவா என்று. பெரியப்பாவின் இரவைப் பற்றியும் முழுதாகச் சொன்னேன். அவ தனக்குத் தெரியும் என்றா. அன்று விடிய நான் வந்து ஒன்றும் பேசாமல் கைகழுவின விதத்திலேயே தெரிந்ததாம்.

தான் கொடுத்தது என்று அவ சொன்னது வேறு. எட்டு வருடமாக இரவில் முன்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டதில்லையாம். நான் இடையில் எந்த நேரம் வருவேன் என்று தெரியாது, தாழ்ப்பாளைப் போட்டால் நான் தட்ட வேண்டும், தட்டினால் சின்னவன் எழும்பிவிடுவான். கதவைச் சாத்தி, கதிரை ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுப்பா. ஒழுங்கையில் நாய் குரைத்தால் எழும்பி இருப்பா. "ஒரு நாள் முழுசா நித்திரை கொண்டது ஞாபகம் இல்லை" என்றா. குறையாகச் சொல்லவில்லை, சீப்பில் இருந்த மயிரைச் சுருட்டிக்கொண்டே சொன்னா. அந்தக் கதிரை காலையில் ஓரமாக நிற்பதை நான் எட்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை.

நேற்றுக் காலை டவுனுக்குப் போய் வெளியில் இருந்தும் திறக்கக்கூடிய பூட்டு ஒன்று வாங்கி வந்து போட்டேன். 3,800 ரூபாய். பூட்டுகிற வேலை அரை மணித்தியாலம்.

கடை முன்னாலும் ஒரு மட்டை எழுதி வைத்திருக்கிறேன், திங்கள் இரவு போறணை எரியாது, செவ்வாய் காலை பாண் இல்லை என்று. பாஸுக்கும் பொடியன்களுக்கும் சம்பளத்தோடு லீவு. கிழமைக்கு முந்நூற்றுச் சொச்சம் பாண் குறையும். இரண்டு தேத்தண்ணிக் கடைக்காரர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள், போகலாம்.

நேற்று இரவு முதல் திங்கள். பத்து மணிக்குப் படுத்தோம். பழக்கம் விடவில்லை, இரண்டு மணிக்கு இருவருக்கும் விழிப்பு வந்துவிட்டது. அவ இஞ்சி போட்டுத் தேத்தண்ணி வைத்தா. படியில் இருந்து குடித்தோம். அவவின் தங்கச்சி மகள் சாமத்தியப்பட்ட வீட்டுக்கு வைகாசியில் மூதூர் போக வேண்டும் என்றா. எந்தக் கிழமை என்று கேட்டேன். திங்கள் என்றா.


கிண்ணியா நானா | செவ்வாய், மாலை 5.40

தம்பி, மூதூருக்கு எங்கள் பாலத்தால்தான் வர வேண்டும். கடைக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள். சும்மா கதைக்க.